யாழ் நகரின் வீதிகளுக்குப் பொறுப்பாளர் யார்?

காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் இங்கு கூறப்போவது புதுமையாக இராது. தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வந்த பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மத்திய பஸ் நிலையத்துக்குள் நுழைய முண்டுகின்றன. பாடசாலைப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்த முச்சக்கர வண்டிகள் அவற்றின் இடையே புகுகின்றன. கடைவாசலில் லொறி ஒன்று மூடை இறக்குகின்றது. அதன் பின்னால் அம்புலன்ஸ் வண்டி ஒலியெழுப்பியவாறு வழி கிடையாமல் நிற்கின்றது. வட மாகாணம் முழுமைக்கும் உள்ள ஒரே போதனா வைத்தியசாலையின் வாசலிலே நாள்தோறும் காணும் காட்சி இது. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பல மணி நேரம் பயணஞ்செய்து வந்த நோயாளி, கடைசி அரை மைல் தூரத்தைக் கடக்க மாட்டாமல் தவிக்கின்றார்.

இந்நிலை ஒரு நாளில் உண்டானதன்று. ஒரு நாளில் தீரப்போவதுமன்று. ஆயினும் இதற்கு மேலும் பாராமுகமாய் இருப்பதற்கு இல்லை என்பதை வற்புறுத்த விரும்புகிறோம். 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் வாகன வரவு ஏறத்தாழ நின்றிருந்த காலத்திலேயே நெரிசலால் திணறிய நகரம், அந்த அணை திறந்தபின் என்ன பாடுபடும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதிய கார்கள் வந்து வீதியை நிரப்பிய பின்னர் திட்டம் தீட்டுவது, வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பின்னர் வரம்பு கட்டுவதற்கு ஒப்பாகும்.

நகரின் அமைப்பை முதலில் நோக்குவோம். யாழ். மாநகர சபையின் எல்லை ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். ஆனால் அந்தச் சிறிய நிலப்பரப்புக்குள் ஒரு மாவட்டம் முழுவதும் நாள்தோறும் வந்து போகின்றது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டத்தின் மக்கள் தொகை 583,000க்கு மேற்பட்டது. கண்டி வீதி, பருத்தித்துறை வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, மானிப்பாய் வீதி, பண்ணைத் தாம்போதி ஆகிய வழிகளெல்லாம் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நகரின் நடுவிலே வந்து கூடுகின்றன. வைத்தியசாலை, பெரிய கடைகள், வங்கிகள், பெயர்பெற்ற பாடசாலைகள், பஸ் நிலையம் யாவும் அந்த நடுப்பகுதியைச் சுற்றியே உள்ளன. சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போக வேண்டியவரும் நகரின் நடுவில் இறங்கி, வேறு பஸ் ஏறிப் போகின்றார். நகரத்தில் அலுவல் இல்லாதவரையும் நகரத்துக்குள் இழுத்துவரும் ஒழுங்கு இது.

இதற்கு மருந்து வீதிகளை அகலமாக்குவதே என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கஸ்தூரியார் வீதியையும் காங்கேசன்துறை வீதியையும் இருமடங்கு அகலமாக்குவதென்றால் எத்தனை கடைகளையும் மதில்களையும் கோயில் வீதிகளையும் இடிக்க வேண்டும்? அதற்குரிய நட்டஈட்டை யார் கொடுப்பது? கொடுத்து இடித்தாலும், அகன்ற வீதி மேலும் பல வாகனங்களை வரவழைத்துச் சில ஆண்டுகளில் முன்போலவே நிரம்பிவிடும் என்பது உலகத்து நகரங்கள் பல பணஞ்செலவழித்துக் கற்ற பாடம். கொழும்பு மாநகரமே அதற்குக் கண்கண்ட சாட்சி.

கணக்கைச் சற்றே பாருங்கள். ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்தால் அவர்கள் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளம். அதே ஐம்பது பேர் காருக்கு இருவராக வந்தால் 25 கார்கள். முன்னும் பின்னும் விடும் இடைவெளியோடு ஒரு காருக்கு 8 மீற்றர் என்று கொண்டாலும் 200 மீற்றர் வீதி வேண்டும். வந்து சேர்ந்தபின் பஸ் திரும்பிப் போய்விடும். கார்களோ மாலை வரை வீதியோரத்தில் நிற்கும். ஆகவே எமது பிரச்சினை வீதியின் அகலம் பற்றியது மட்டுமன்று. இருக்கின்ற வீதியை யாருக்கு, எந்த முறையில் பங்கிடுகிறோம் என்பதே அடிப்படைப் பிரச்சினையாகும்.

அந்தப் பங்கீட்டைச் செய்ய வேண்டியவர் யார்? இங்கேதான் நமது நகரத்தின் சட்டச் சிக்கல் தொடங்குகின்றது. நகரை ஊடறுக்கும் பிரதான பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வேறு சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கு உரியன. பலாலி வீதியில் சற்றுத் தூரம் சென்று திருநெல்வேலியை அடைந்தால் அது நல்லூர் பிரதேச சபையின் ஆட்சி. அரச பஸ் வண்டிகளை இலங்கைப் போக்குவரத்துச் சபை ஓட்டுகின்றது. தனியார் பஸ்களுக்கு வழி அனுமதி கொடுப்பது வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. தண்டவாளமும் கடவைகளும் புகையிரதத் திணைக்களத்தின் வசம். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பொலிசார் கொழும்பிலுள்ள தலைமையகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நகரத் திட்டமிடலுக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. ஒரே சந்தியில் வாய்க்கால் ஒருவருடையது, வீதி மற்றொருவருடையது, அதில் நிற்கும் பஸ் வேறொருவருடையது. குறை சொல்லப் போகும் குடிமகனை ஒவ்வொருவரும் மற்றவரிடம் அனுப்பிவிடுகின்றனர்.

1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதின்மூன்றாம் திருத்தம், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகளையும் பாலங்களையும் மாகாண சபை நிரலிலே சேர்த்தது. மாகாணத்துக்குள் ஓடும் மோட்டார் வண்டிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவதும் அதே நிரலில் உள்ளது. அதாவது, எந்தப் பஸ் எவ்வழியே எந்நேரத்தில் ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இந்த மாகாணத்து மக்களுக்கு உண்டென்று நாட்டின் உச்சச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. நடந்ததோ வேறு. 2013 இல் முதன்முறையாகத் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இன்றி, மாகாணத்தின் அதிகாரம் ஆளுநர் ஒருவரின் கையில் விடப்பட்டது. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சு முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவரேனும் பொறுப்பில் இல்லாத காலத்தில் ஒரு நகரம் திட்டமிட்டு வளரும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது.

பஸ் வண்டி தமிழர் அரசியலுக்குப் புதிய பொருளன்று. 1958 ஆம் ஆண்டில் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு, சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த இலக்கத் தகடுகளோடு போக்குவரத்துச் சபை வண்டிகள் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று வண்டியின் தகட்டில் எந்த எழுத்து இருப்பது என்பது உரிமைப் பிரச்சினையாயிற்று. அந்த வண்டி எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது, யாரை ஏற்றுவது என்பதும் ஓர் உரிமைப் பிரச்சினைதான். முன்னையது மானத்தைப் பற்றியது. பின்னையது அன்றாட வாழ்வைப் பற்றியது. இரண்டையும் ஒருங்கே பேணத் தெரிந்த சமுதாயமே சுயாட்சிக்குத் தகுதியுடையது.

ஆனால் எல்லாப் பழியையும் கொழும்பின் தலையிலே சுமத்திவிட்டு நாம் வாளாவிருப்பது நேர்மையாகாது. தூரப் பயண பஸ்களுக்கென்று புதிய நிலையம் ஒன்று 2021 இல் யாழ் நகரில் திறக்கப்பட்டது. அங்கே யார் போவது, யார் போகாமலிருப்பது என்று அரச பஸ் ஊழியரும் தனியார் பஸ் உரிமையாளரும் பிணங்கிக்கொண்டதை நாடறியும். மட்டுவிலில் 2022 ஆம் ஆண்டில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டு நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தது. கட்டடம் கட்டுவதற்குப் பணம் கிடைக்கின்றது. அதைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய உடன்பாடுதான் எமக்குள் கிடைப்பதில்லை. நடைபாதையிலே பெட்டிகளை அடுக்கி வைக்கும் வர்த்தகர் எம்மவர். வரைபடத்தில் வாகனத் தரிப்பிடம் என்று காட்டி அனுமதி பெற்று, பின்னர் அவ்விடத்தைக் கடையாக வாடகைக்கு விடுபவர்களும் எம்மவரே. கந்தோருக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு நாள் முழுவதும் உள்ளே இருக்கும் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் உத்தியோகத்தர்களும் இவ்வேட்டைப் படிப்பவர்களுள் உண்டு. எமது தொழிலைச் சேர்ந்தோரையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

இனி, செய்யத்தக்கவை எவை என்பதை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, பஸ் சேவை. மத்திய பஸ் நிலையம் பஸ்களை நிறுத்தி வைக்கும் இடமாக இருத்தலாகாது. வந்து, ஏற்றி, புறப்படும் இடமாகவே அது இருக்கவேண்டும். தூரப் பயண வண்டிகள் யாவும், அரசினதாயினும் தனியாரதாயினும், அவற்றுக்கென அமைத்த நிலையத்துக்குச் செல்லவேண்டும். காங்கேசன்துறையிலிருந்து வரும் வண்டி நகரில் முடியாமல் சாவகச்சேரி வரை தொடர்ந்து ஓடலாம். மானிப்பாயிலிருந்து வருவது நல்லூர் வழியாகப் பருத்தித்துறை வீதியில் தொடரலாம். இவ்வாறு ஊர்களை நகரின் ஊடாக இணைத்தால் நடுவில் திரும்பும் வண்டிகளும் குறையும், மாறி ஏறும் மக்களும் குறைவர். இதற்கு அரச பஸ்களுக்கும் தனியார் பஸ்களுக்கும் பொதுவான நேரசூசி ஒன்று இன்றியமையாதது. நேரசூசி இல்லாத இடத்தில் ஒரே பயணிக்காக இரு வண்டிகள் போட்டியிட்டு ஓடுகின்றன. பின்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் வருவதில்லை. இதனால் வெறுப்புற்றவர்தான் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குகின்றார்.

இரண்டாவது, புகையிரதம். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 ஆம் ஆண்டிலேயே தண்டவாளம் போடப்பட்டது. தெற்கோடு அது இணைக்கப்பட்டது 1905 இல்தான். அதாவது, இந்த மண்ணில் ஓடிய முதல் இரயில் கொழும்புக்குப் போகவில்லை. குடாநாட்டுக்குள்ளேயே உள்ளூர் மக்களையும் சரக்கையும் ஏற்றி ஓடிற்று. 1990 இல் அற்றுப்போன சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டது. சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், புங்கன்குளம், நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. காங்கேசன்துறை வீதியில் நெரிசல் மிகும்போது அதன் அருகே செல்லும் தண்டவாளம் பெரும்பகுதி நேரம் வெறுமையாகக் கிடக்கின்றது. காலையிலும் மாலையிலும் காங்கேசன்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ரயில் பஸ் ஒன்றை ஓடவிட்டால், பாடசாலைப் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் வீதியை விட்டு அதிலே ஏறுவர். யாழ். புகையிரத நிலையத்திலிருந்து வைத்தியசாலைக்கும் பஸ் நிலையத்துக்கும் சிறு பஸ் ஒன்று இடையறாது ஓடவேண்டும். கூடவே, காவலற்ற கடவைகளுக்குப் படலையும் காவலரும் வேண்டும். அந்தக் கடவைகளில் எம்மவர் பலர் உயிரிழந்துவிட்டனர்.

மூன்றாவது, கமக்காரரின் வழி. நெரிசலைப் பற்றிப் பேசுவோர் பலர் காரில் இருப்பவரின் தாமதத்தையே நினைக்கின்றனர். விடியுமுன் எழுந்து கத்தரியும் மிளகாயும் கீரையும் பறித்து, மோட்டார் சைக்கிளிலோ இருசக்கர உழவு இயந்திரப் பெட்டியிலோ ஏற்றிவரும் கமக்காரனுக்கு அரைமணித் தாமதம் என்பது விலை வீழ்ச்சி. சந்தை கலைந்தபின் வந்த கீரைக்கு விலை ஏது? திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் பலாலி வீதியிலேயே மூடைகளை இறக்கவேண்டிய நிலை இருக்கும் வரை கமக்காரனும் இடர்ப்படுவான், பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவனும் இடர்ப்படுவான். சந்தையின் பக்கத்து வீதியில் இறக்குவதற்கென இடம் ஒதுக்க வேண்டும். கமக்காரரின் வண்டிக்குக் காலை ஏழு மணி வரை முன்னுரிமை கொடுத்து, மொத்த வியாபாரிகளின் லொறிகள் பாடசாலை நேரத்தில் நகருக்குள் வராமல் தடுக்கவேண்டும். தென்மராட்சி விளைபொருள் யாழ் நகருக்குள் வந்து மீண்டும் கண்டி வீதியால் தெற்கே போவது வீண் பயணம். மட்டுவில் நிலையம் முறையாக இயங்கினால் அவ்வளவு லொறிகள் நகரைத் தொடவே வேண்டியதில்லை.

நான்காவது, வாகனத் தரிப்பிடம். நகரின் நடுவே உள்ள வீதியோரம் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதை நாள் முழுவதும் ஒருவர் இலவசமாகப் பிடித்துக்கொள்வது பொதுக் காணியில் வேலி போடுவதற்குச் சமம். முதல் அரைமணி இலவசம், பின்பு ஏறுகின்ற கட்டணம் என்று மாநகர சபை விதிக்கட்டும். கிடைக்கும் வருமானத்தை நடைபாதைக்கும் வாய்க்கால் மூடிகளுக்குமே செலவிடட்டும். கட்டட அனுமதியில் காட்டிய தரிப்பிடங்கள் உண்மையில் அவ்வாறே பயன்படுகின்றனவா என்று கட்டடங்கட்டடமாகப் பரிசோதித்து அறிக்கை வெளியிடட்டும்.

ஐந்தாவது, நடப்போரும் சைக்கிளில் செல்வோரும். மேடு பள்ளமற்ற இந்தக் குடாநாடு சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். போர்க்காலத்தில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்தபோது நோயாளியையும் நெல்மூடையையும் சைக்கிளிலே கொண்டுசென்றவர்கள் நாம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்று சலித்தபோது வைத்தியர்களும் ஆசிரியர்களும் மீண்டும் சைக்கிளில் ஏறினர். எரிபொருள் வந்ததும் அதை மூலையில் சாத்திவிட்டோம். அவ்வாறு சாத்தியதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. பஸ்ஸுக்கும் லொறிக்கும் இடையில் ஒடுங்கிச் செல்லும் அச்சமும் காரணமாகும். பாடசாலைகளைச் சூழ்ந்த வீதிகளிலேனும் சைக்கிளுக்கென ஓரம் பிரித்து, நடைபாதைகளை மீட்டுக் கொடுத்தால் பெற்றோர் தம் பிள்ளைகளை அஞ்சாமல் அனுப்புவர். பிள்ளையை இறக்குவதற்கென்று காலையில் வரும் வண்டிகளில் பாதியேனும் அதனால் ஒழியும். தூரத்துப் பிள்ளைகளுக்கு ‘சிசுசெரிய’ மாணவர் பஸ்களைப் பெருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் செய்யப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நேரசூசிக்குப் பெரும்பணம் தேவையில்லை. பஸ் தரிப்பு ஒழுங்குக்கும், லொறிகளுக்கு நேரம் விதிப்பதற்கும், நடைபாதையைத் துப்புரவாக்குவதற்கும் தேவைப்படுவது துணிவே. ரயில் பஸ்ஸுக்கும் கடவைகளுக்கும் பணம் வேண்டும். அது மத்திய அரசாங்கம் எமக்குத் தரவேண்டிய கடன், சலுகையன்று. கால் நூற்றாண்டு இரயிலின்றி இருந்த மக்கள் உள்ளூர்ச் சேவை ஒன்றைக் கேட்பது மிகையாகாது.

வர்த்தகர்கள் தம் வியாபாரம் குன்றும் என்று அஞ்சலாம். அவர்களது அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கடைக்கு முன்னால் நாள் முழுவதும் நிற்கும் கார் ஒரேயொரு வாடிக்கையாளருடையது. பெரும்பாலும் அது கடைக்காரருடையதேயாகும். அவ்விடம் காலியானால் மணிக்கு நால்வர் வந்து பொருள் வாங்கிப் போகலாம். ஆறு மாத காலம் பரீட்சித்துப் பார்த்து, நட்டமென்றால் மாற்றிக்கொள்ளலாமே.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. யாழ். மாநகர சபையும் நல்லூர் பிரதேச சபையும் முதலில் ஒன்றுகூடிக் கூட்டுக்குழு ஒன்றை அமைக்க வேண்டும். மேற்கூறிய ஒன்பது அதிகாரங்களின் பிரதிநிதிகளும், வர்த்தகர், கமக்காரர், பஸ் ஊழியர், பெற்றோர், வைத்தியசாலை ஆகியோரின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். குழுவின் கூட்டங்கள் பகிரங்கமாகவும், குறிப்புகள் தமிழில் அச்சிடப்பட்டும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்தின் எதிரிலும் அதை நிறைவேற்ற வேண்டியவர் யார், எந்நாளுக்குள் என்பது எழுதப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறைவேற்றாதவரின் பெயர் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

பொதுமக்களுக்கும் கையில் ஆயுதம் இல்லாமலில்லை. நகர அபிவிருத்தித் திட்டமொன்று வரையப்படும்போது அதைப் பார்வையிட்டு ஆட்சேபனை தெரிவிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், எந்தப் பஸ்ஸுக்கு எவ்வழி அனுமதி உண்டு, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை தரிப்பிடம் காட்டப்பட்டது என்று எழுத்திலே கேட்கும் உரிமையைச் சாதாரண குடிமகனுக்கும் கொடுத்திருக்கின்றது. எமது இளஞ்சட்டத்தரணிகள் ஊர்ச் சனசமூக நிலையங்களுக்குச் சென்று, அந்த விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்க முன்வருவார்களாக. கமக்காரர் சங்கங்கள் தத்தம் சந்தையின் குறைகளை எழுதி இரு சபைகளுக்கும் அனுப்புவார்களாக.

எமக்குரிய அதிகாரங்களைத் தருமாறு நாம் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறோம், கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் ஒரு பஸ் நிலையத்தை நம்மால் ஒழுங்குசெய்ய முடியவில்லையென்றால், எம் கோரிக்கையை எதிர்ப்போருக்கு அதைவிட நல்ல வாதம் வேறு கிடையாது. ஒழுங்குசெய்து காட்டினாலோ, எந்த அதிகாரம் குறைவாயிருந்ததனால் எது தடைப்பட்டது என்பதை உலகறியக் காட்டலாம். வைத்தியசாலை வீதியிலே நிற்கும் அம்புலன்ஸ் வண்டிக்கு அரசியலமைப்பு வாதம் தெரியாது. அதற்குத் தேவை வழி. அந்த வழியைத் திறந்துவிடும் கடமை முதலில் எம்முடையது என்பதை உணர்ந்து, மாநகர சபையார் இந்த ஆண்டு முடியுமுன்னரேனும் முதலாவது கூட்டத்தைக் கூட்டுவார்களென எதிர்பார்க்கிறோம்.